ஆழ்கடல் மண்ணும் அதனை எடுத்த கைகளும்

"கட்டுரை விஞ்ஞானம் பற்றியதாக இருக்கட்டும், ஆனால் பாடப் புத்தகத்தைப் பிரதி பண்ணியதாக இருத்தலாகாது" என்று மலர்க் குழுவினர் எழுதிய கடிதம் கைக்குக் கிடைத்ததும், கடலடி மண்ணைப் பற்றி எழுதுவதெனத் துணிந்தேன். கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேலே ஹற்றனிலும், ஆறாயிரம் அடிக்கு மேலே நுவரெலியாவிலும் பிறந்து வளர்ந்த நமக்குக் கடலடிச் சேற்றோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். உறவு உண்டு. அதனை எனக்கு முதன்முதற் காட்டியவர் நம் வகுப்பறையில் நின்ற ஆசிரியர் ஒருவரே.

அது ஐப்பசி மழைக்காலம். லயங்களுக்குக் கீழே ஓடும் ஓயாவிலிருந்து ஒரு கண்ணாடிச் சாடி நிறையக் கலங்கல் நீர் கொண்டுவரும்படி அவர் பணித்தார். நீர் வந்தது. அதனை மேசைமேல் வைத்து, எவரும் தொடலாகாதெனக் கட்டளையிட்டார். பாடம் முடியுமுன்னரே பரற்கற்கள் அடியிற் கிடந்தன. சிறிது நேரத்தில் மணல் படிந்தது. மாலையில் மணலின்மேல் மெல்லிய வண்டல் படர்ந்திருந்தது. ஆனால் மூன்று நாட் கழிந்தும் மேல்நீர் பாற்கலங்கலாகவே இருந்தது. "பருமனானது முந்தி விழும், நுண்ணியது பிந்தி விழும். ஆகவே நுண்ணியதே நெடுந்தூரம் போகும்" என்றார் ஆசிரியர். பின்னர் ஒரு சிறு காகிதத்தில் திகதியையும் இடத்தையும் எழுதி, அதன் கீழே நீரை அள்ளிவந்த மாணவனின் பெயரையும் எழுதிச் சாடியில் ஒட்டினார். அப்பெயர் என்னுடையதன்று, என் பக்கத்து வாங்கிலிருந்தவனுடையது. அன்று எனக்கு உண்டான பொறாமை இன்றும் நினைவிலிருக்கிறது.

நெடுந்தூரம் என்றால் எவ்வளவு தூரம்? நம் மலைநாட்டு நீர் இரு பக்கமாகப் பிரிந்து செல்வது. தலவாக்கலைப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியை அடைந்து, பேராதனையைச் சுற்றி, 335 கிலோமீற்றர் ஓடிய பின் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது. சிவனொளிபாதமலையின் சாரலிற் பிறக்கும் மஸ்கெலியா ஓயாவும், காசல்ரீப் பக்கத்து கெஹெல்கமு ஓயாவும் களனி கங்கையாகிக் கொழும்புக்கு வடக்கே கடல் சேர்கின்றன. ஆகவே ஒரே தோட்டத்து மேட்டின் இரு சரிவுகளில் விழுந்த இரு மழைத்துளிகளுள் ஒன்று வங்காள விரிகுடாவுக்கும், மற்றொன்று மேற்குக் கடலுக்கும் போதல் கூடும். அவற்றோடு மண்ணும் போகிறது. கோப்பிக்காகக் காடழித்த 19ஆம் நூற்றாண்டிலும், அதனைத் தொடர்ந்து தேயிலை பரவிய காலத்திலும், எத்தனை அங்குல மேல்மண் அவ்வழியே இறங்கிப் போயிற்றோ! மண் போனபின் வேரும் போகும் என்று கண்டபோதுதான் கான் வெட்டும் ஆட்களின் அருமை துரைமாருக்கு விளங்கிற்று. மண்பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 1951-இல் வந்தது. கான்வெட்டியின் மண்வெட்டி அதற்கு வெகு காலம் முந்தியது.

காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை முதலிய நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்ட பின்னர், மலைமண்ணின் பெரும் பங்கு அவற்றின் அடியிலேயே தங்கி விடுகிறது. எஞ்சிய நுண்மண் கடலுக்குப் போகிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலை அணுகி வருவதோர் ஆழ்ந்த கடலடிப் பள்ளத்தாக்கு உளது. கரையோரத்து மண் அதன் வழியே வழுக்கி ஆழ்கடலின் அடித்தளத்துக்கு இறங்க இயலும். அங்கே சென்று படிந்த மண்ணையே புவிச்சரிதவியலார் அடையல் என்பர். மேலுள்ள அடை புதியது, கீழுள்ளது பழையது. ஏடு ஏடாகப் புரட்டினால் மலைகள் எழுந்த வரலாறும், மழை மிகுந்தும் குறைந்தும் வந்த வரலாறும் அதிலே காணப்படும். ஆனால் அந்த ஏடு கிடப்பது மூன்று மைல் ஆழத்து நீருக்கு அடியில். அதனை எடுப்பது எவ்வாறு? எடுப்பவர் யாவர்?

இவ்விரண்டாவது வினாவே என் கட்டுரைப் பொருள். தோட்டத்திற் பிறந்தவனுக்கு இவ்வினா இயல்பாகவே எழும். காலையிற் பிரட்டுக்களத்தில் எத்தனை பேர் நின்றனர், செக்றோலில் எத்தனை பேருக்குப் பேர் விழுந்தது என்பது நமக்கு வயிற்றுப் பிரச்சினை. மழை அடித்து மலையை விட்டு இறங்கினால் அரைப் பேர். பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போய்விடும், பேரோ அரைதான். என் தாயார் இதனைச் சொல்லிக் குறைப்பட்டதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகையால் ஓர் ஆராய்ச்சி நூலைத் திறந்தால் என் கண் முதலில் அதன் முடிபுகளை நாடுவதில்லை. யார் யாருக்குப் பேர் விழுந்திருக்கிறது என்பதனையே நாடும்.

கடலடி மண்ணைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ் பேசும் மக்களின் உதவியோடு நம் கடலிலேயே நடைபெற்ற ஒரு காலத்தை முதலிற் கூறுதல் தகும். இடம் மன்னார் வளைகுடா. நம் பாட்டன்மாருட் பலர் தோணியிலிருந்து இறங்கி, மாத்தளைக்குக் கால்நடையாகப் புறப்பட்ட மன்னார், அரிப்புக் கரைகளுக்கு எதிரேயுள்ள கடலேதான். அங்கே முத்துச் சிப்பிகள் வாழும் பார்கள் உள. 1891-க்குப் பின் பதினொரு ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சிப்பி இருந்தாலன்றோ குளிப்பது! அரசாங்கத்தின் வருமானம் குன்றியது. காரணம் காணும்படி லிவர்பூல் நகரத்துப் பேராசிரியரான ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். 1902 ஜனவரியில் அவர் இலங்கையை அடைந்தார். அவருடன் வந்த உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல். அரசாங்க நீராவிக் கப்பலான லேடி ஹவ்லொக் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டது.

சிப்பிகள் மறைவதற்குக் காரணம் யாதென்னும் வினாவுக்கு விடை பெரிதும் கடலடித் தரையிலே இருந்தது. சிப்பிக் குஞ்சு ஒட்டி வளர்வதற்கு உறுதியான தளம் வேண்டும். அத்தளமே பார். அதைச் சூழக் கிடப்பது மணல். பருவக்காற்றுக் காலத்து நீரோட்டம் மணலைப் பெயர்த்துக் கொண்டுவந்து பாரின்மேற் போட்டால், சிப்பிகள் உயிரோடு புதையுண்டு போகும். ஆகவே எங்கே பார், எங்கே மணல், அம்மணல் பருமனா நுண்ணிதா, அது நகர்கின்றதா நிற்கின்றதா என்றெல்லாம் அறிய வேண்டியிருந்தது. கப்பலிலிருந்து இரும்பு வாருவலையை இறக்கி இழுத்தார்கள். ஆனால் வாருவலையிலுள்ள குறை யாதெனில், அது அடித்தளத்தில் அகப்பட்டதையெல்லாம் ஒன்றாகக் குழப்பிக் கொண்டுவரும்; தளம் கிடந்த கோலத்தைக் காட்டாது. அதனைக் கண்ணாற் கண்டு சொல்லக்கூடியவர்கள் குளியாட்கள் மாத்திரமே.

காலிற் கல்லைக் கட்டிய கயிற்றின் துணையாற் குளியாள் ஐந்து முதற் பத்துப் பாகம் வரை இறங்குவான். மேலே தோணியில் இருப்பவன் கயிற்றிற் கை வைத்திருப்பான். அவனுடைய கவனம் சிதறினாற் கீழேயிருப்பவனின் உயிருக்கு உத்தரவாதமில்லை. பார் பரிசோதனை நடந்த முறை இது: நடுவில் நிற்கும் கப்பலைச் சுற்றித் தோணிகள் வட்டம் வட்டமாகத் தண்டு வலித்துச் செல்லும், இடையிடையே குளியாட்கள் மூழ்கி எழுந்து, பார் என்றும் மணல் என்றும் சிப்பி உண்டென்றும் இல்லையென்றும் சொல்லுவர், சொன்னதைக் கேட்டுக் குறித்துக் கொள்ளுவர். பல்லாண்டுகளாகப் பார்களின் பரிசோதகராக இருந்த கப்டன் டொனன் சேர்த்துவைத்த குறிப்புகளும் இவ்வாறு உண்டானவையே. பேராசிரியர் வந்திறங்கியபொழுது அவருக்கு ஆயத்தமாகக் கிடைத்த அறிவு எத்தனையோ குளியாட்களின் மூச்சடக்கத்திலிருந்து பிறந்தது.

'பெரிய பார்' என்பதோர் பார் உளது. அதிலே குஞ்சுச் சிப்பிகள் ஆண்டுக்காண்டு ஏராளமாகத் தோன்றும். முற்றுமுன்னரே மறைந்து போகும். குளியாட்கள் அதனைத் தாய்ப் பார் என்றனர். நொய்யரிசிபோல வந்து விழும் குஞ்சுகள் அங்கே சிறிது வளர்ந்த பின், பிற பார்களுக்குப் பிரிந்து செல்கின்றன என்பது அவர்கள் கொண்ட கருத்து. ஹேர்ட்மன் வேறு விதமாகக் கண்டார். அந்தப் பார் கண்டமேடையின் விளிம்பை அடுத்துத் திறந்த கடலை நோக்கிக் கிடக்கின்றது. தென்மேற் பருவக்காற்றின் வேகத்தால் அங்குள்ள குஞ்சுகள் அடித்துச் செல்லப்பட்டு அழிகின்றன. அவை எங்கும் குடிபெயர்வதில்லை. விளக்கத்திற் பேராசிரியர் வென்றார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆயின் குஞ்சுகள் வருவதையும் போவதையும் ஆண்டுதோறும் கண்டு சொன்னவர்கள் யார்? அவர்கள் சொல்லியிராவிடின் விளக்குவதற்கு என்ன இருந்திருக்கும்?

அவ்வாராய்ச்சியின் முடிபுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக லண்டன் றோயல் சங்கத்தினால் வெளியிடப்பட்டன. சேர்த்த உயிரினங்களைப் பற்றிப் பல நிபுணர்கள் தனித்தனி அத்தியாயங்கள் எழுதினர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பேர் விழுந்தது. 'பார்' என்னும் நம் தமிழ்ச் சொல்லும் அந்நூலில் ஏறி விஞ்ஞான உலகெங்கும் போயிற்று. குளியாட்களோ பெரும்பாலும் குளியாட்கள் என்னும் பன்மைக்குள் அடங்கிப் போயினர். முத்துக்குளிப்புக் காலங்களிற் சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவதற்கென்று 'கடற்கட்டி' ஒருவரை 19ஆம் நூற்றாண்டு அரசாங்கமே சம்பளம் கொடுத்து அமர்த்தியிருந்தது என்பதை ஈண்டு நினைத்துக் கொள்கிறேன். அவருடைய மந்திரத்தாற் சுறாக்கள் அடங்கினவோ யானறியேன். ஆனால் அவர் கரையில் இல்லாதவிடத்துக் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர். அவ்வகையில் அவரும் அத்தொழிலுக்கு இன்றியமையாதவரே.

ஹோர்னெல் பின்னரும் இலங்கையிற் கடலுயிர் ஆய்வாளராகத் தங்கிப் பணிசெய்து, பிற்காலத்திற் சென்னை மாகாண மீன்பிடித் துறையின் தலைமையை ஏற்றார். தோணிகளையும் கட்டுமரங்களையும் பற்றி அவர் எழுதியவை இன்றும் படிக்கப்படுகின்றன. கரையோர மக்களிடம் கேட்டறியும் பழக்கம் மன்னாரிலேதான் அவருக்கு ஏற்பட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆழமற்ற மன்னார்க் கடலை விட்டு இனி ஆழ்கடலுக்குச் செல்வோம். அங்கே குளியாளுக்கு வேலையில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலெஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பல் ஆழ்கடல் அடையலைத் திரட்டி வந்தது. அதனைப் பற்றிய பெருநூல் 1891-இல் வெளிவந்தது. 1960ஆம் ஆண்டை ஒட்டிச் சர்வதேச இந்து சமுத்திர ஆராய்ச்சி தொடங்கி 1965 வரை நடந்தது. பல நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய நாற்பது கப்பல்கள் அதிற் பங்குபற்றின. அக்காலத்து இந்து சமுத்திர அடித்தளப் படம் 1964-இல் வெளியாயிற்று. அதனை ஹீசன் என்பவரோடு சேர்ந்து வரைந்தவர் மேரி தார்ப் என்னும் பெண்மணி. பெண் என்ற காரணத்தாற் பல ஆண்டுகள் அவரை ஆராய்ச்சிக் கப்பலில் ஏறவே விடவில்லை. கப்பலிற் போனவர்கள் கொண்டுவந்த ஆழக் கணக்குகளைக் கரையிலே மேசைமுன் இருந்து கோடாக்கிக் கோடாக்கி, காணாத கடலை அவர் வரைந்தார். நம் மலைகளிற் கொழுந்து பறித்த பெண்கள் ஆலைக்குள் நடப்பது இன்னதென்று காணாமலே காலம் கழித்ததுண்டு. இவர் கதை அதனை நினைவூட்டுகிறது.

ஆழ்கடல் அடையலைத் துளைத்தெடுக்கும் வேலைக்கென்றே அமைந்த முதற் கப்பல் குளோமர் சலெஞ்சர். அது 1968 முதல் 1983 வரை உழைத்தது. 1972 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அதன் 22ஆம் பயணம் மார்ச்சிற் கொழும்பிலே முடிவுற்றது. அவ்வாண்டு மே மாதத்திலேதான் நம் நாடு குடியரசாகிப் பெயர் மாறியது. ஆகவே அப்பயணத்தின் அறிக்கை அட்டையிற் கொழும்பு, சிலோன் என்றே காணப்படும். அப்பயணத்திற் சென்ற வழியில், வங்காள விரிகுடாவின் 8 பாகை வட அகலக்கோட்டில், 218 என்னும் இலக்கமிட்ட துளை ஒன்றை இட்டனர். 8 பாகை வடக்கு என்பது நம் புத்தளத்தின் நேர்.

அங்கே துளையிட்டதன் காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்தை அரித்து ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய நூறு கோடித் தொன் மண்ணைக் கொண்டுவருகின்றன. அம்மண் கலங்கல் நீரோட்டமாகக் கடலடி வாய்க்கால்களிற் பாய்ந்து, விரிகுடா முழுவதிலும் விசிறிபோற் பரந்து படிகின்றது. வங்காள விசிறி எனப்படும் இது உலகின் கடலடி விசிறிகள் அனைத்திலும் பெரியது. நீளம் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர். இலங்கையின் கிழக்குப் பக்கமாக இறங்கிப் பூமத்திய ரேகையையும் கடந்து போகிறது. வகுப்பறைச் சாடியில் நாம் கண்டதே இங்கும் நடக்கிறது. சாடி பெரிது, அவ்வளவே.

1987-இல் வேறொரு கப்பல் வந்தது. ஜோய்டிஸ் றெசொலூஷன் என்பது அதன் பெயர். 1978-இல் எண்ணெய் தேடும் துளைக் கப்பலாகக் கட்டப்பட்டு, 1985 முதல் விஞ்ஞானத்துக்கு உழைத்தது. நீளம் 143 மீற்றர். நடுவே இரும்புக் கோபுரம். அதன் நேர்கீழே கப்பலின் வயிற்றை ஊடுருவிச் செல்லும் ஒரு வாயில். அவ்வாண்டு ஜூலையிற் கொழும்பிலிருந்து தெற்கே சென்று, விசிறியின் தொலைமுனையில் 717, 718, 719 என்னும் மூன்றிடங்களிற் துளையிட்டு, ஓகஸ்டில் மீண்டும் கொழும்பை அடைந்தது. விஞ்ஞானக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள் கொக்றன், ஸ்ரோ என்னும் இருவர். ஏறக்குறைய 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இமயத்து மண் அங்கே கிடைத்தது. அக்காலத்திலேயே இமயம் அரிபட்டு, அதன் துகள் இலங்கைக்குத் தெற்கே வரை வந்திருந்தது என்பது இதனால் அறியப்பட்டது.

துளைப்பு வேலை எங்ஙனம் நடந்தது என்பதைக் கூறாவிடின், இத்தகைய முடிபுகள் ஏதோ பேராசிரியர்களின் சிந்தனையில் உதித்தனபோலத் தோன்றும். கப்பல் நங்கூரமிடுவதில்லை, ஐயாயிரம் மீற்றர் ஆழத்தில் நங்கூரம் எங்கே எட்டும்? காற்றும் அலையும் தள்ளத் தள்ள, பக்க விசிறிகளைச் சுழற்றி அதே இடத்தில் நிறுத்துவர். இரவும் பகலும் அதற்கு ஒருவர் கண்விழிக்க வேண்டும். கோபுரத்தின் கீழே துளைப்பாட்கள் 9.5 மீற்றர்க் குழாய்கள் மூன்றை ஒன்றாகப் பூட்டிய கட்டுகளைத் தொடுத்துத் தொடுத்து இறக்குவர். 4,700 மீற்றர் நீரைக் கடந்து அடியைத் தொடுவதற்கு ஏறக்குறைய 165 கட்டுகள் வேண்டும். அரை நாள் அதிலே போய்விடும். கிறீசும் சேறும் உப்பு நீரும் கலந்த தளத்தில், தலைக்குமேல் தொன் கணக்கான இரும்பு தொங்க, பன்னிரண்டு மணி நேர முறையில் இவ்வேலை நடக்கும். அங்கே ஒருவர் கை தவறினால் மற்றொருவரின் விரல் போகும்.

உள்குழாய் நிறைந்து மேலே வந்ததும், மண்தண்டு வந்துவிட்டதென்று ஒலிபெருக்கியிற் கூவுவர். உடனே தொழில்நுட்ப உதவியாளர்கள் ஓடிவந்து, 9.5 மீற்றர் நீளமான பிளாத்திக்குக் குழாயைத் தோளேற்றிச் சென்று, ஒன்றரை மீற்றர்த் துண்டுகளாக வெட்டுவர். ஒவ்வொரு துண்டின் மேல்முனைக்கும் நீல மூடி. இது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் மூடி மாறினால் பழையது புதியதாகும்; புதியது பழையதாகும்; அதன்மேல் எழுப்பிய கொள்கை தலைகீழாகும். அத்தனை பேராசிரியர்களின் கௌரவமும் அந்த நீல மூடியை இடுபவரின் கையிலே தங்கியுள்ளது! பின்னர் துண்டுகளை நீளவாட்டில் இரண்டாகப் பிளப்பர். ஒரு பாதி உழைக்கும் பாதி. அதிலிருந்தே ஆராய்ச்சிக்கு மண் எடுப்பர். மறுபாதி சேமிப்புப் பாதி. அதனைப் படம்பிடித்து, விவரித்து, பிற்காலத்தவர்க்கென வைப்பர்.

கப்பலில் இருப்பவர் ஏறக்குறைய 120 பேர். விஞ்ஞானிகள் அவர்களிற் சிறு பகுதியே. ஏனையோர் மாலுமிகள், துளைப்பாட்கள், யந்திரத்தார், மின்னாளர், உதவியாளர், சமையற்காரர், துணி வெளுப்போர் முதலியோர். பிலிப்பைன்ஸ் நாட்டார் அவர்களுட் பலர். இரண்டு மாதம் கரை காணாத இடத்தில் நள்ளிரவிலும் சுடுசோறு கிடைப்பதன் பெறுமதியை, மழைக்குளிரில் மலையில் நின்று சாயத்தண்ணீரை எதிர்பார்த்தவர்கள் அறிவார்கள்.

2015-இல் நடந்ததொன்று துளைப்பாட்களின் திறமைக்குச் சான்று. 1987-இல் விசிறியின் தளர்ந்த மணலும் வண்டலும் பல இடங்களிற் குழாயில் நிற்க மறுத்து நழுவிவிட்டன. வரலாற்று ஏட்டில் மணல் எழுதிய பக்கங்கள் அங்கங்கே இல்லாமற் போயின. 2015 ஜனவரி இறுதியிற் சிங்கப்பூரிலிருந்து அதே கப்பல் புறப்பட்டது. 354ஆம் பயணமாகிய இதற்குத் தலைமை தாங்கியவர்கள் பிரான்சிய விஞ்ஞானி பிரான்ஸ்-லனோர், ஜெர்மானிய விஞ்ஞானி ஸ்பீஸ் ஆகியோர். 8 பாகை அகலக்கோட்டின் வழியே கிழக்கு மேற்காக ஏழிடங்களைத் தெரிந்தெடுத்தனர். அவ்விடங்களைக் குறிப்பதற்கு ஜெர்மானியக் கப்பலொன்று 1990களிலேயே ஒலியலைகளால் அடித்தளத்தை ஆராய்ந்து வைத்திருந்தது. அவற்றுள் ஓரிடம், 43 ஆண்டுகளுக்கு முன் குளோமர் சலெஞ்சர் துளையிட்ட அதே 218! இம்முறை மணலைப் பிடிப்பதற்குப் பாதி நீளமான 4.7 மீற்றர்க் குத்துக்குழாயைத் துளைப்பாட்கள் மீண்டும் மீண்டும் செலுத்தினர். வேலை இரட்டிப்பு, ஆனால் முன்பு நழுவிய மணல் குழாயில் நின்றது. மார்ச் 31-இற் கப்பல் கொழும்பை அடைந்தது.

அதன்பின் அக்கப்பல் 2015 நவம்பர் இறுதியிலும், 2016 ஓகஸ்டிலும் கொழும்புக்கு வந்தது. சில நாட்களே துறைமுகத்தில் நிற்கும். அதற்குள் எரிபொருள், நீர், அரிசி, காய்கறி, குழாய், கருவி யாவும் ஏறவேண்டும். ஒரு குழு இறங்கி மறு குழு ஏறவேண்டும். குளிரூட்டிய பெட்டிகளில் மண்தண்டுகள் இறங்க வேண்டும். அத்துளைப்புத் திட்டத்தில் இலங்கை உறுப்பு நாடன்று; இந்தியா உறுப்பு நாடாக இருந்தது. ஆயினும் கொழும்புத் துறைமுகத்தின் தொழிலாளரின்றி அப்பயணங்கள் தொடங்கியுமிரா, முடிந்துமிரா.

இனிச் செக்றோலைப் பார்ப்போம். இப்பயண அறிக்கைகளின் முன்பக்கங்களில் விஞ்ஞானிகளின் பெயர்கள் வரிசையாக உள. அதற்குக் கீழே உதவியாளர்களின் பெயர்களும், அவரவர் வேலையும் தனித்தனி உள. மண்தண்டுக் காப்பாளர், இரசாயன ஆய்வுகூடத்தார், படம்பிடிப்பவர் ஈறாக விடாமல் எழுதியுள்ளனர். கப்பற் தலைவரின் பெயரும் துளைப்பு மேற்பார்வையாளரின் பெயரும் உள. 1903-இன் அறிக்கையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றமே. எனினும் கோபுரத்தின் கீழ் நின்ற துளைப்பாட்களின் பெயரும், சமையலறையில் நின்றவர்களின் பெயரும் அங்கே காணக் கிடைப்பதில்லை. முழுப் பேர் சிலருக்கு, அரைப் பேர் சிலருக்கு. பேரே விழாதவரும் உளர்.

ஆட்கள் இருந்தாற் போதுமா? பணமும் வேண்டும். இக்கப்பலின் செலவை அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவகம் பெரும்பாலும் ஏற்றிருந்தது. யப்பான், ஐரோப்பிய நாடுகள், சீனா, இந்தியா, கொரியா, அவுஸ்திரேலியா முதலியன பங்கு செலுத்தின. செலவு ஏறியது, பங்காளிகளின் பணம் அதற்கு ஈடாக ஏறவில்லை. 2023 மார்ச்சில் ஒப்பந்தம் 2024-க்குப் பின் நீடிக்கப்படாதென அறிவித்தனர். 2024-இல் வடதுருவத்தை அண்டிய கடலிற் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டு, ஏறக்குறைய 40 ஆண்டு உழைத்த கப்பல் விஞ்ஞானப் பணியிலிருந்து நீங்கிற்று. கப்பலைக் கட்டிவிடலாம். ஆனால் அலையடிக்கும் கடலில் 165 கட்டுகளை விரல் இழவாமற் தொடுக்கும் ஆட்களை ஓராண்டிற் பழக்கிவிட முடியுமோ? நல்ல கவ்வாத்துக்காரன் தோட்டத்தை விட்டுப் போனபின் என்ன நேரும் என்று கண்டவர்களுக்கு இக்கவலை புரியும்.

கப்பல் நின்றாலும் மண் இருக்கிறது. இந்து சமுத்திரத்து மண்தண்டுகள் யப்பானிலுள்ள கோச்சி என்னும் நகரத்துக் காப்பகத்தில், 4 பாகை செல்சியசுக் குளிரில் அடுக்கப்பட்டுள்ளன. கேரளத்துக் கொச்சியோடு இதனை மயங்கலாகாது. ஒருமுறை நானே மயங்கி, ஒரு மாணவனுக்குத் தவறான வழி கூறியதுண்டு. பயணம் முடிந்து ஓராண்டு வரை, சென்ற குழுவினருக்கே மண் எடுக்கும் உரிமை. அதன்பின் எந்நாட்டு ஆராய்ச்சியாளரும் எழுதிக் கேட்கலாம். எந்தத் துளை, எந்தத் துண்டு, எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்தில், எவ்வளவு மண், எதற்காக என்று காட்ட வேண்டும்; ஆராய்ச்சியின் முடிபை வெளியிடுவதாக உறுதி கூற வேண்டும்.

மலைநாட்டு மாணவர் இதனைக் கேட்கும் வழி வெகு தூரத்தில் இல்லை. புவிச்சரிதவியலைத் தனித்துறையாகக் கற்பிக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் நம் மகாவலியின் கரையிலேயே உளது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த, நாரா எனச் சுருக்கமாக வழங்கும் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம் நம் களனி கடலிற் கலக்குமிடத்தை அடுத்துக் காக்கைத்தீவில் உளது. இரண்டுக்கும் நம் ஓயாக்களின் நீர் நமக்கு முன்னே போய்ச் சேர்ந்து விடுகிறது. விஞ்ஞானியாகத்தான் போக வேண்டுமென்பதில்லை. ஆய்வுகூட உதவியாளராக, கருவி திருத்துநராக, மாலுமியாகப் போகிறவர்க்கும் அங்கே வேலை உண்டு.

சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபொழுது, இப்போதைய ஆசிரியர் ஒருவரிடம் சாடிக் கதையைச் சொன்னேன். அவர் ஒரு திருத்தம் சொன்னார்: ஒரே சாடி போதாது, கான் வெட்டிய மலைக்குக் கீழே ஒன்றும், வெட்டாத மலைக்குக் கீழே ஒன்றும் ஒரே மழையில் அள்ள வேண்டும், மாதந்தோறும் அள்ள வேண்டும், படிந்ததை உலர்த்தி நிறுக்க வேண்டும். நிறுக்கும் தராசு கல்லூரியில் இல்லை. பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதும்படி அவரிடம் கூறினேன், யானும் எழுதியிருக்கிறேன். சாடிகள் வந்துவிட்டன. காகிதத்தில் எழுதுவதற்கு அள்ளுபவர், நிறுப்பவர், குறிப்பவர் என மூன்று வரி விட்டிருக்கிறார்கள்.